ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் காசு

ஆகஸ்ட் 3, சனி

செங்கோட்டுவேலின் படம் இன்று பேப்பரில். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு வெள்ளிக் காசைப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை போடுகிறவனைப் போல வாயைக் குவித்து நிற்கிறான். போன வருடம் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாம். ஒரு பக்கம் மன்னன் தலை, சுற்றிலும் பழந்தமிழ் எழுத்தில் ‘வெண்ணாதன்’ என்ற பெயர். எந்தப் பாட்டிலும் கல்வெட்டிலும் இல்லாத இந்தக் குறுநில மன்னனை உலகுக்கு முதலில் காட்டியவர் பேராசிரியர் செங்கோட்டுவேல்தான் என்று நிருபர் எழுதியிருக்கிறார். வெண்ணாதனைப் பற்றிய அவன் புத்தகத்துக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி கரூரில் வெளியீடு.

வெண்ணாதனை முதலில் படித்தவன் நான். இதை இந்த நோட்டில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, இன்னொரு முறை எழுதுகிறேன். 2002-இல் சுப்புராயனின் பழைய பாத்திரக்கடையில் ஒரு செப்புக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் வில், மறுபக்கம் யானை, யானைக்கு மேலே ஐந்து எழுத்து. லென்ஸை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்தேன். கல்லூரியில் பக்கத்து மேசைக்காரன் என்பதால் செங்கோட்டுவேலிடம் காட்டினேன். கருத்தரங்குக்குக் கட்டுரை இருவர் பெயரிலும் போனது, அவன் பெயர் முன்னால். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், வாசித்தவன் அவன். மறுநாள் பேப்பரில் அவன் பெயர் மட்டும். அந்தக் காசின் மேல் ஏறி அவன் துறைத்தலைவர் ஆனான். நான் ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காசு இப்போது கல்லூரிக் காட்சிப் பெட்டியில் இருக்கிறது. என்னிடம் இருப்பது மேசைக்கு மேலே மாட்டிய அதன் பெரிய படம் மட்டும்.

“பேப்பரை அப்படி மொறைச்சா அதுல இருக்கறவரு எறங்கி வந்துருவாருங்களா? இட்லி ஆறுது” என்றாள் சாரதாமணி.

ஆகஸ்ட் 5, திங்கள்

குழாயில் தண்ணீர் ஆறு நாள் கழித்து வந்தது. எல்லாக் குடமும் பிடித்தேன்.

அந்த வெள்ளிக் காசை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். மன்னனின் காதுக்குப் பின்னால் விளிம்பில் எலி கடித்தது போல ஒரு வெட்டு. பேப்பர் படத்திலேயே தெரிகிறது. ஓய்வுக்குப் பிறகு என் பொழுதெல்லாம் இணையத்தில் பழைய ஏலப் படங்களைப் பார்ப்பதில்தான் போகிறது. முப்பது வருடத்தில் உலகெங்கும் ஏலம் போன காசுகளைப் படத்தோடு சேர்த்துவைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன. அங்கேதான் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் அது ஆற்றில் கிடைத்ததல்ல.

இந்த வருடத்தில் முதல் தடவையாகப் பசியோடு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கிடைக்கவில்லை. தமிழகம், சேரர், சங்ககாலம் என்றெல்லாம் போட்டுத் தேடியது என் முட்டாள்தனம். அதை விற்றவனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தால்தானே அந்தப் பெயரில் போட்டிருப்பான்? அவனைப் போல, ஒன்றும் தெரியாதவனாகத் தேட வேண்டும். ‘வெள்ளி, தலை, அடையாளம் தெரியாதது, இலங்கையாக இருக்கலாம்’ என்று இன்று ஆரம்பித்தேன். ஆயிரக்கணக்கில் வருகின்றன.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. பிடுங்கச் சொல்வார்கள் என்பதால் போகவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

செங்கோட்டுவேலின் ஆய்வு மாணவி ஒருத்தி வந்தாள். நிலோபர், பள்ளப்பட்டிக்காரி. முன்பே போன் செய்து கேட்டிருந்தாள். அவன் அனுப்பிய உளவு என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். சாரதாமணிதான் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள்.

“சார், உங்க கட்டுரையை நான் நாலு தடவை படிச்சிருக்கேன்.”

“எங்க கட்டுரைன்னு சொல்லு. ரெண்டு பேரு இருக்குதுல்ல.”

“எழுத்தைப் படிச்சது நீங்கன்னு அதைப் படிச்சாலே தெரியும் சார். முதல் ரெண்டு பக்கம் ஒருத்தர் எழுதுனது, எழுத்து பத்தின பகுதி வேற ஒருத்தர் எழுதுனது. எங்க சார் இன்னிக்கும் அப்படி எழுத மாட்டாரு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இதை அவர்கிட்ட சொல்லிராதீங்க.”

இருபது வருடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுடைய ஆய்வேடு முழுவதும் வெண்ணாதன் மேல்தான் நிற்கிறது. முதல் இயல் என் செப்புக் காசு, கடைசி இயல் இந்த வெள்ளிக் காசு. உதவித்தொகை செப்டம்பரோடு நிற்கிறது, அதற்குள் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று, இனி தரமாட்டார்களாம். வீட்டில் கல்யாணப் பேச்சை இந்த ஆய்வேட்டைச் சொல்லித்தான் தள்ளிவைத்திருக்கிறாள்.

வெள்ளிக் காசின் பெரிய படம் அவளுடைய போனில் இருந்தது. ஒன்று அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கிடைத்துவிட்டது!

2019, ஜெர்மனியில் ஒரு சிறிய ஏலம். ‘தென்னாசியா, அடையாளம் தெரியாதது.’ எழுத்து தெரியாததால் காசைத் தலைகீழாக வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன். அதே தலை. காதுக்குப் பின்னால் அதே வெட்டு. மூக்குக்கு நேரே அதே கறுப்புப் பொட்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கைமாறிய காசு, போன வருடம் அமராவதி மணலில் எப்படிக் கிடைக்கும்?

தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். சாரதாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னுங்க, லாட்டரி கீட்டரி விழுந்துருச்சா?” என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, “அவருக்குத் தெரிஞ்சு செஞ்சாரோ, அவரையும் ஏமாத்திட்டாங்களோ” என்றாள். இவளுக்கு எப்போதும் அடுத்தவன் பக்கம்தான்.

ஆகஸ்ட் 17, சனி

பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு பத்திரிகைகளுக்கும் கடிதம் தயார். அனுப்பவில்லை. வெளியீட்டுக்கு முதல் நாள் அனுப்பினால்தான் சரியாக இருக்கும். புத்தகம் அச்சாகட்டும், அழைப்பிதழ் போகட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கடிதத்துக்கு ஒரு முட்டு வேண்டும் என்று சுப்புராயனின் கடைக்குப் போனேன், எங்கள் கல்லூரிக்காரர்களுக்குப் பழங்காசு என்றால் அந்தக் கடைதான். சுப்புராயன் இறந்து சில வருடமாகிறது. மகன் தினகரன் இருக்கிறான். பாதிக் கடையில் பித்தளை, பாதிக் கடையில் மிக்ஸி ரிப்பேர்.

“செங்கோட்டுவேல் சாருக்கு வெள்ளிக் காசு குடுத்தது நீதான?”

“ஆமாங். அதுக்கென்னுங்?”

“ஆத்துல கெடச்சுதுன்னு சொன்னியாமா?”

அவன் சிரித்தான். “வாத்தியாருங்க வந்து எங்க கெடச்சுதுன்னு கேப்பீங்க. பார்சல்ல வந்துதுன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போவுது. ஆத்துலன்னு சொன்னா நெம்ப சந்தோசப்படறீங்க. எங்கப்பா சொல்லிக் குடுத்ததுங்க இது.”

“மணல் சலிக்கறவங்க கொண்டாந்து தர்றதே இல்லியா?”

“அதுவும் வரும், தேஞ்சு போன துட்டு. உங்களுக்கெல்லாம் எழுத்து வேணும், வில்லு வேணும். நீங்களே கேட்டிருக்கீங்களாமா, வில்லுப் போட்ட காசு வந்தா எடுத்து வையின்னு. அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சொல்லி ஒரு மாசத்துல வந்துருச்சாமா!”

அவன் சொன்னது உண்மைதான், நான் கேட்டிருந்தேன். அதில் தப்பென்ன? ஆராய்ச்சி செய்கிறவன் கடைக்காரனிடம் சொல்லி வைப்பது எங்கும் இருக்கிற வழக்கம்.

வரும் வழியில் சாரதாமணி சொன்ன துவரம்பருப்பை மறந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

‘செம்பு, யானை, வில், அடையாளம் தெரியாதது’ என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சும்மா.

ஆகஸ்ட் 22, வியாழன்

பல் வலி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மூன்று இருக்கின்றன. 1999-இல் லண்டனில் ஒன்று, 2006-இல் சிங்கப்பூரில் ஒன்று, 2014-இல் மறுபடியும் லண்டனில் ஒன்று. மூன்றிலும் யானை, வில், அந்த ஐந்து எழுத்து. ஒரு மன்னன் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் காசு அடித்திருப்பான். மூன்று நான்கு வெளியே போயிருந்தால் அது வெண்ணாதன் இருந்தான் என்பதற்குக் கூடுதல் சான்றுதானே தவிர வேறில்லை. படங்கள் மங்கலாக வேறு இருக்கின்றன.

ஆகஸ்ட் 24, சனி

மங்கலாக இல்லை. 2014 படம் மிகத் தெளிவாக இருக்கிறது.

அச்சு ஒன்றாக இருக்கலாம். யானையின் தும்பிக்கை நுனிக்கு நேரே விளிம்பில் இருக்கும் வெடிப்பு ஒன்றாக இருக்க முடியாது. யானை முதுகில் எள் அளவுக்கு இருக்கும் குழி ஒன்றாக இருக்க முடியாது. நானே வகுப்பில் வருடாவருடம் சொன்னதுதான். சுத்தியலால் அடித்த காசு ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வெடிக்கும். ஒரு காசைப் பார்த்து வார்ப்பு அச்சு எடுத்து உருக்கி ஊற்றினால்தான் வெடிப்பும் குழியும் சேர்ந்து எல்லாவற்றிலும் வரும்.

மூன்று படங்களையும் மேசைக்கு மேல் மாட்டியிருக்கும் என் காசின் படத்தையும் வரிசையாக வைத்து ஒரே படமாகப் பதிந்து, இன்றைய தேதியையே பெயராகப் போட்டுப் போனில் வைத்துக்கொண்டேன். நான்கு வெடிப்பு, நான்கு குழி. எல்லாம் ஒரே இடத்தில். ஒரே காசு கைமாறியது என்றும் சொல்ல முடியாது, என் காசு 2002-க்குப் பிறகு ஊரை விட்டுப் போகவில்லை.

காசு விழுந்தால் பெயர் விழும். பெயர் விழுந்தால் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன?

சாரதாமணி வந்து, “அரிசிய ஊற வெச்சுட்டேன், கிரைண்டருக்கு வயரு போட்டுக் குடுங்க” என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கடிதத்தை அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

நிலோபர் போன் செய்தாள். திங்கட்கிழமை ஆய்வேடு கொடுக்கிறாளாம். ‘நன்றி’ப் பக்கத்தில் என் பெயரைத் தனியாகப் போடலாமா என்று கேட்டாள்.

“வெள்ளிக் காசை ஏலப் படங்கள்ல எங்காச்சும் தேடிப் பாத்தியா?” என்றேன். இதைக் கேட்டதே பெரிது.

“எங்க சார் தேவையில்லைன்னுட்டாரு. ஏன் சார், ஏதாச்சும் இருக்குதா?”

“சும்மா கேட்டேன்.”

“அப்ப அப்படியே குடுத்துரலாமா சார்? முதல் இயல்ல ஏதாச்சும் மாத்தணுமா? நீங்க சொன்னா ரெண்டு நாள்ல மாத்திருவேன்.”

“தாராளமாக் குடும்மா.”

இரண்டு நாளில் மாற்றக்கூடிய விஷயமல்ல அது. தவிர, இன்னொருவனின் மாணவியிடம் நான் எப்படிச் சொல்வது? அவளுக்கு வழிகாட்டி அவன்.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் வாசலில் கார் நின்றது. செங்கோட்டுவேல். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் வந்தான். முடிக்குக் கறுப்பு அடிப்பதை விட்டிருக்கிறான். கையில் அழைப்பிதழும் ஆப்பிளும்.

“ஏனப்பா அருணகிரி, எளச்சுட்ட? சாரதா, இவனுக்குச் சோறு போடறியா இல்லியா?”

“போட்டா உங்க நெனப்புலயே பாதி எறங்க மாட்டேங்குதுங்களே” என்றாள் அவள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் காபி போட உள்ளே போனதும் சிரிப்பை நிறுத்தினான்.

“ஏலப் படம் பாத்தியான்னு நிலோபரைக் கேட்டியாமா.”

“கேட்டேன்.”

“நானும் பாத்தேன். புத்தகம் அச்சுக்குப் போன பொறவு பாத்தேன், நம்பறதும் நம்பாததும் உன்ற இஷ்டம். என்றத மட்டும் பாக்கல. உன்றதையும் பாத்தேன்.”

அவன் மேசைக்கு மேல் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தான்.

“அன்னிக்குக் கட்டுரையில உன்ற பேரைப் பின்னால போட்டது தப்புத்தான். எட்டாந்தேதி மேடையில அதைச் சொல்றேன். மொதல்ல படிச்சவன் நீன்னு மைக்குல சொல்றேன், பொன்னாடையும் போத்தறேன். உனக்கு வேண்டியது அதுதான?”

“எனக்கு வேண்டியது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“இருவது வருசமா நீ ஊரெல்லாம் சொல்லித் திரியறது எனக்குத் தெரியாதா?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நமக்கு ரெண்டு பேருக்கும் வயசாச்சு, விடு. அந்தப் புள்ளையை நெனச்சுப் பாரு. திங்கக்கெழமை குடுக்குது. நாம வாயைத் தொறந்தா அதோட அஞ்சு வருசம் போச்சு.”

அவளை நினைத்துப் பார்க்கச் சொல்லும் யோக்கியதை அவனுக்கு எங்கிருந்து வந்தது? காபியைக் குடித்துவிட்டுப் போனான். ஆப்பிளை நான் தொடவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

நிலோபர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். பைண்டு செய்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த படம் அனுப்பியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, சிரிப்பு பெரிதாக இருக்கிறது. வாழ்த்துகள் என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வலி போகவில்லை.

செப்டம்பர் 7, சனி

இன்றுதான் கடிதம் அனுப்ப நினைத்திருந்த நாள். பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நாளைக்கு என்ன செய்வேன் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாண மண்டபம். நல்ல கூட்டம். மேடையில் என்னை ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நிலோபர் பச்சைப் புடவையில், பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு மேடைப் படிக்கட்டின் அருகே நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

செங்கோட்டுவேல் சொன்னபடி செய்தான். “வெண்ணாதன் என்ற பெயரை முதலில் படித்தவர் நண்பர் அருணகிரி. கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அதை இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு இந்த அவையில் சொல்கிறேன்” என்றான். கைதட்டினார்கள். முதல் வரிசையில் கிழவர் ஒருவர் எழுந்தே நின்றார். அந்த ஓசையை நான் பல தடவை கற்பனை செய்திருக்கிறேன். கற்பனையில் இன்னும் பலமாக இருந்தது. அவன் என் தோளில் பொன்னாடையைப் போட்டான். போடும்போது தோளை ஒருமுறை அழுத்தினான். பேசி முடித்துவிட்ட வியாபாரத்தில் கை குலுக்குவது போன்ற அழுத்தம். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது என்று நினைக்கிறேன்.

மைக்கைக் கொடுத்தார்கள். “செங்கோட்டுவேல் சொன்னது உண்மை. செப்புக் காசை முதலில் படித்தவன் நான்தான்” என்றேன். மறுபடியும் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

“அது போலி.”

படம் காட்டுவதற்கென்று திரை இருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்தவரிடம் என் போனைக் கொடுத்தேன். நான்கு காசுகளும் வரிசையாக வந்தன. வெடிப்பைக் காட்டினேன், குழியைக் காட்டினேன். அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். வெள்ளிக் காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. செப்புக் காசு இல்லையென்றால் வெண்ணாதன் இல்லை, வெண்ணாதன் இல்லையென்றால் அந்தப் புத்தகம் இல்லை. “ஏமாந்தவன் நான். என் பெயரை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்” என்று முடித்தேன்.

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிறம் மாறியதை, வாய் குவிந்ததை, கைக்குட்டையைத் தேடியதை. ஒன்றையும் விடவில்லை.

யாரோ, “தட்டைப் புடிங்க, அந்தப் பொண்ணைப் புடிங்க” என்றார்கள். அப்போதுதான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். தட்டு தரையில் கிடந்தது. அவளைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாரதாமணி கேட்டாள், “உண்மையச் சொன்னது செரிங்க. அந்தப் புள்ளைகிட்ட முன்னாடியே சொன்னீங்களா?”

“அதுக்கு நேரம் எங்க இருந்துது?” என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாலைந்து பேர் போன் செய்து பாராட்டினார்கள். பெரிய மனசு என்றார்கள், இந்தக் காலத்தில் யார் இப்படித் தன்னையே விட்டுக்கொடுப்பார்கள் என்றார்கள். செங்கோட்டுவேல் மருத்துவ விடுப்பில் போயிருக்கிறானாம். புத்தகத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இறங்குகிறது.

நிலோபருக்கு இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

அவளே கூப்பிட்டாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“இப்பத்தாம்மா. கொஞ்ச நாள் முன்னால.”

“திரையில காட்டுனீங்கல்ல, அந்தப் படத்து மேலயே தேதி இருந்துது சார். ஆகஸ்ட் இருபத்தி நாலு.”

மேசை மேல் திறந்து கிடந்த இந்த நோட்டை மூடினேன்.

“நான் உங்களுக்கு போன் பண்ணுனது இருபத்தி எட்டு, புதன்கிழமை. முதல் இயல்ல ஏதாச்சும் மாத்தணுமான்னு கேட்டேன். நீங்க, ‘தாராளமாக் குடும்மா’ன்னு சொன்னீங்க. குடுத்தேன். இப்ப அதைத் திரும்ப வாங்கிக்கன்னு பல்கலைக்கழகத்துல எழுதிக் கேட்டிருக்காங்க. அவகாசம் கிடையாது சார், பதிவே ரத்தாகுது. அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் குடுக்காம நிறுத்தி, காசு போலின்னு அதையே ஆய்வா எழுதியிருப்பேன். நாலு படம் போதுமே சார். எனக்கு அது வந்திருக்குமே.”

“அவன் உன்கிட்ட மறைச்சது—”

“அவரைப் பத்தி நான் கேக்கல. அவர்கிட்ட நான் ஒண்ணும் எதிர்பாக்கல. நான் படிச்சது உங்க எழுத்தைத்தான்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அது வேண்டாம் என்றாள். இனி போன் செய்ய வேண்டாம் என்றும், பொன்னாடை போர்த்தும்போது தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் எனக்காகக் கைதட்டினாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றும் சொன்னாள். கடைசி வரை சார் என்றுதான் பேசினாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. தேதியைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், நான் சொன்ன இரண்டு வார்த்தைகளை நான் சொன்னபடியே திருப்பிச் சொன்னாள். இப்படிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து யார் கேட்டாலும், ஒரு வார்த்தை மாறாமல் இதை அவள் மறுபடி சொல்வாள்.